பிடிக்காதவருக்காக ஒரு ஜெபம்

ஜனவரி 13

நான்கு பஸ்களுக்கு பிரேக் லைனிங் மாற்றினேன். குளித்தும் கிரீஸ் வாடை போகவில்லை. அதோடுதான் குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்தேன். என் மனைவி வழக்கம்போல வெளியூரில் இருக்கும் மகளில் ஆரம்பித்து, தெருவிலுள்ள நோயாளிகள், மாடி வீட்டுக்காரரின் விசா என்று ஒரு சுற்று வந்து, கடைசியில் "எங்கள் பிரதமரை ஆசீர்வதியும்" என்று முடித்தாள். நான் ஆமென் சொல்லவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தாள். "என்னங்க, தொண்டை கட்டிக்கிச்சா?"

"எங்க பணிமனைய மூடிட்டு, பஸ்ஸையெல்லாம் தனியாருக்கு விக்கணும்னு நிக்கற ஆளு. அவருக்கு நான் ஆமென் சொல்லணுமா?"

"நான் ஓட்டா கேட்டேன்? ஆமென்தானே கேட்டேன்."

இருபத்தெட்டு வருஷமாக இவளோடு வாதாடுகிறேன். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகரைப் பிடித்தேன். பிடிக்காத ஆட்சியாளருக்காக எப்படி ஐயா ஜெபிப்பது?

"அவர் செய்யறதெல்லாம் சரின்னு யாரும் சொல்லச் சொல்லலையே. தப்பைத் தப்புன்னு சொல்லுங்க, போராடுங்க. ஆனா அவரையும் ஆண்டவர்கிட்ட கொண்டு போங்க."

சொல்வது சுலபம். சபையை யாரும் தனியாருக்கு விற்கப் போவதில்லையே.

ஜனவரி 19

முயன்றேன். "ஆண்டவரே, வருகிற தேர்தலில் அவரைத் தோற்கடியும்." பக்கத்தில் ஒரு இருமல். "அது ஜெபமில்லைங்க, புகார் மனு."

ஜனவரி 27

செய்தியில் பிரதமர் விமானப் படிக்கட்டில் இறங்கினார். இடது காலைப் பக்கவாட்டில் வைத்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, முகம் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கு அடியிலிருக்கும் பள்ளத்திலிருந்து ஏறும்போது, இளசுகள் பார்க்கிறார்களே என்று நான் சிரிக்கிற அதே சிரிப்பு. முட்டித் தேய்மானம். சந்தேகமே இல்லை.

ஜெபத்தில், "அவர் முட்டி வலியைக் குறையும் ஆண்டவரே" என்றேன். மனசார வேறு எதையும் சொல்ல முடியவில்லை.

இவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "முட்டி மட்டும் நம்ம கட்சியா?"

பிப்ரவரி 9

முட்டியில் ஆரம்பித்தது. பிறகு அவர் தூக்கம். இன்று அவர் பிள்ளைகள். எங்கே போய் நிற்குமோ.

பிப்ரவரி 24

உத்தரவு வந்துவிட்டது. மாத முடிவோடு பணிமனை மூடல். முப்பத்தொரு பேருக்கும் வேலை இல்லை. உரக்கப் படித்துக்கொண்டே வந்த தொழிற்சங்கச் செயலாளர், பாதியில் நிறுத்திக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். மீதியை நான் படித்தேன்.

வீட்டில் சொன்னேன். இவள் என் வேலை உடுப்பை எடுத்துப் போய்த் துவைத்தாள், துவைத்தாள், துவைத்துக்கொண்டே இருந்தாள். ஜெபத்தில் மகள், நோயாளிகள், விசா – அதோடு நின்றுவிட்டாள்.

"என்னால முடியலைங்க. எத்தனை வருஷமா அவருக்காகக் கேட்டேன். நம்ம வயித்துலயே அடிச்சுட்டாரே. இனிமே அவர் பேரு என் வாயில வராது."

இப்படி அழுது நான் பார்த்ததில்லை. அய்யோ, இந்த வீட்டுல ஜெபிக்கத் தெரிஞ்சவளே இவதானே – இவளே நிறுத்திட்டா?

கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ சும்மா இரு. இன்னிக்கு நான் பாத்துக்கறேன்."

என்ன சொன்னேன்? எல்லாம் சொன்னேன். செய்தது அநியாயம் என்றேன். முப்பத்தொரு வீட்டிலும் அடுப்பு எரியணும் என்றேன். நாங்க விட மாட்டோம், ரோட்டுல உக்காரப் போறோம் என்றேன். அவர் மனசை மாத்தும், அவரையும் கைவிடாதேயும் என்றேன். கோபம் போகவில்லை. ஆனால் சொன்னதில் பொய் இல்லை.

வெகுநேரம் கழித்து, பக்கத்திலிருந்து மெல்ல ஒரு ஆமென்.

மார்ச் 5

போராட்டத்துக்கு இவளும் வந்தாள். கோஷ அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

ஏப்ரல் 20

பணிமனை போனது போனதுதான். பள்ளி வேன்களைப் பழுது பார்க்கும் கொட்டகையில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே பள்ளமெல்லாம் இல்லை. தரையில் அட்டை விரித்து, அடியில் படுத்துத்தான் வேலை. செயலாளரையும் அங்கேயே சேர்த்துவிட்டேன்.

செப்டம்பர் 14

பிரதமர் தோற்றுவிட்டார். செயலாளர் போனில் கத்தினார்: "ஜெயிச்சுட்டோம்ணே!" நானும் கத்தினேன். சந்தோஷம்தான், மறைப்பானேன்?

பிறகு டிவியில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசினார். பேசி முடித்தும் மேடையை விட்டு இறங்கவில்லை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர் மாதிரி நின்றார். அவர் மனைவி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

மாலை ஜெபத்தில் இவள் புதியவருக்காக, நான் ஓட்டுப் போட்டவருக்காக, மனதாரக் கேட்டாள். "நல்ல புத்தி கொடும், சீக்கிரமே கொடும்" என்றும் சேர்த்துக்கொண்டாள். முடிக்கப் போனாள்.

"இரு. பழையவரை விட்டுட்டியே."

"அவர்தான் இப்ப பிரதமர் இல்லையே?"

"அதனாலதான். இன்னிக்கு அந்த வீட்டுல யாரும் சரியா சாப்பிட்டிருக்க மாட்டாங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு நகர்ந்து வந்து என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான் அவரை நல்லாத் தெரியும்."