தம்பியின் பெயரைக் கூவுகிறார்கள்

ஜூன் 7, 1954. திங்கள்

இன்று மூன்று முறை செத்தேன். சாப்பாட்டுக்கு முன் இரண்டு, பின் ஒன்று. கடைசி முறை பாறைமேல் விழுந்து முழங்கைத் தோல் பெயர்ந்துவிட்டது. குதிரையிலிருந்து விழுகிறவனுக்குக் கூடுதல் கூலி என்பதால் அறுபது பேரும் போட்டி போட்டுக்கொண்டு விழுகிறோம். சினிமாக்காரர்கள் போன வாரம் வந்து இறங்கினார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் மேய்ச்சல் நிலம் முழுக்க லாரியும் கூடாரமும்தான்.

நாங்கள் மாட்டுக்காரர்கள், முடியை ஒட்ட வெட்டியவர்கள். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அப்பாச்சிச் செவ்விந்தியன் என்றால் நீள முடி வேண்டுமாம். ஆளுக்கொரு குதிரைவால் டோப்பா கொடுத்தார்கள். எங்கள் தோலின் நிறமும் போதவில்லையாம். ஒரு பெண் பிரஷ்ஷோடு வந்து என் முதுகுக்குப் பழுப்புச் சாயம் அடித்தாள். எங்கள் தலைவனாக நடிக்கிறவனுக்கு நீலக் கண். அவனுக்கும் அதே டப்பாச் சாயம்தான். வேர்த்தால் கழுத்து வழியாக ஒழுகுகிறது.

இன்னொரு கூத்து. என் மாமியாரும் ஊர்ப் பெண்களோடு கூட்டத்தில் நிற்க வந்திருந்தார். எங்களில் மருமகன் மாமியார் முகத்தைப் பார்க்கக் கூடாது. அவர் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் ஓட வேண்டும். மூன்று தடவை பாறைக்குப் பின்னால் ஓடினேன். டைரக்டர் ஒலிபெருக்கியில் கேட்டார்: "அங்க ஒருத்தன் ஓடிக்கிட்டே இருக்கானே, யாருய்யா அவன்? இன்னும் சுடவே ஆரம்பிக்கல."

என் மனைவி அல்வீனா வீட்டுக்கு வந்தும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிரிக்கட்டும். அவள் அம்மாதானே.

ஜூன் 8. செவ்வாய்

பட்டாளத் தலைவனாக நடிக்கிறவன் இன்று மலையைப் பார்த்து, கதையில் வரும் எங்கள் தலைவனின் பெயரைக் கூவினான்.

அது என் தம்பியின் பெயர். வெள்ளைக்காரப் பள்ளிக்கூடம் வைத்த பெயர் இல்லை. எங்கள் மொழியில் அவனுக்கு வைத்த பெயர்.

அதை இங்கே எழுத மாட்டேன். எங்களில் செத்தவன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் போகிற வழியில் நின்று திரும்பிப் பார்ப்பான். கொரியாச் சண்டையில் அவன் விழுந்துவிட்டதாகத் தந்தி வந்த அன்று அவனுடைய சேணம், சட்டை, கிட்டார் எல்லாவற்றையும் எரித்தோம். அவன் பிறந்து வளர்ந்த வீட்டையும் எரித்தோம். அம்மா ஆற்றின் அக்கரையில் புது வீட்டுக்குப் போனாள். மூன்று வருஷத்துக்கு மேலாகிறது. எங்களில் ஒருவர் வாயிலிருந்தும் அந்தப் பெயர் வந்ததில்லை. இன்று ஒரே மதியத்தில் பதினான்கு முறை. ஒலிபெருக்கியில். மலையும் சேர்ந்து திருப்பிச் சொல்கிறது.

அதைக் கூவுகிறவன் எந்தச் சட்டை போட்டிருக்கிறான்? அமெரிக்கப் பட்டாளச் சட்டை. அந்தக் காலத்து நீலம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பட்டாளத்துக்காக நான் இத்தாலியில் காலில் குண்டு வாங்கினேன். தம்பி உயிரையே கொடுத்தான். இப்போது அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே அவனைச் சுடுகிறார்கள்.

இன்றைக்குப் போதும்.

ஜூன் 9. புதன்

எப்படிக் கிடைத்தது இவர்களுக்கு?

டைரக்டரின் உதவியாள் புரூயிட்டிடம் கேட்டேன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கேட்டதும் பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினான். ஐந்து வருஷத்துக்கு முன் இதே பள்ளத்தாக்கில் வேறொரு படம் எடுத்தபோது கதை எழுதுகிறவன் கூடவே வந்திருந்தானாம். அடுத்த கதைக்கு நல்ல அப்பாச்சிப் பெயர் ஒன்று வேண்டும் என்று வேலையாட்களிடம் கேட்டானாம். தாளில் என் தம்பியின் கையெழுத்து. பெயரை எழுதி, கீழே ஒரு குதிரைப் படமும் போட்டு வைத்திருக்கிறான் கிறுக்கன்.

அப்போது உயிரோடு இருந்தான். உயிரோடு இருக்கிறவனுக்குத் தன் பெயர் தன் சொத்து. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். சிரித்துக்கொண்டேதான் கொடுத்திருப்பான். எனக்கு அவன் மேலும் கோபம் வருகிறது. செத்தவன் மேல் கோபப்படக் கூடாதா? படுகிறேன்.

புரூயிட் சொன்னான்: "உங்க தம்பிக்கு இது பெருமைதானே? எவ்வளவு பெரிய தலைவனுக்கு அவன் பேர வச்சிருக்கோம்."

"கதைல அவன் ஜெயிக்கிறானா?" என்றேன்.

"இல்ல. கடைசில பீரங்கி அடிச்சுச் சாகறான். ஆனா ரொம்பக் கம்பீரமா."

அந்தத் தாளைக் கொடு என்றேன். கம்பெனிச் சொத்தாம்.

ஜூன் 10. வியாழன்

காலையில் ஆற்றைத் தாண்டி அம்மாவைப் பார்க்கப் போனேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். போர்வை, சட்டி, ஓக் மரத்து ஏகோர்ன் கொட்டை வைத்திருக்கும் சாக்கு, எல்லாம் வாசலில்.

"சிபிக்யூல என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். சனிக்கிழமை லாரி வருது."

"அவங்க இன்னும் ரெண்டு வாரத்துல போயிடுவாங்கம்மா."

"நான் இங்க உக்காந்து மாவு பிசையறேன். அங்கேருந்து கூப்பிடறாங்க. நேத்து பூரா கூப்பிட்டாங்க." கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "அவன் கூப்பிட்டா வர்ற பிள்ளைடா. வந்து நின்னான்னா நான் பாப்பேன். பாத்தேன்னா அவனோட போயிடுவேன்."

அவள் மிரட்டவில்லை. ரொட்டிக்கு உப்பு போதாது என்று சொல்வதுபோல் சொன்னாள். போன குளிர்காலம் முழுக்க நெஞ்சுச் சளியில் கிடந்தவள். அங்கே ஆஸ்பத்திரியும் கிடையாது, நானும் கிடையாது. ஒருதரம் வீட்டை விட்டுப் போனால் எங்கள் ஆட்கள் அதே வீட்டுக்குத் திரும்புவதில்லை.

திரும்பி வந்து நேராக டைரக்டரிடமே போனேன். குடைக்குக் கீழே பீச் பழம் தின்றுகொண்டிருந்தார். பெயரை மட்டும் மாற்றுங்கள், வேறு ஒன்றும் கேட்கவில்லை என்றேன். "ஸ்டுடியோல பாதிப் படம் எடுத்தாச்சுப்பா. நூறு இடத்துல அந்தப் பேரு வருது. உங்க சாமி சமாச்சாரத்தையெல்லாம் நான் மதிக்கிறேன். நாளைக்குப் பெரிய சண்டை. நல்லா விழு." தோளில் தட்டினார். அந்தக் கையைப் பிடித்து முறிக்காமல் வந்தேனே, அதற்கு எனக்கே ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

பிறகு நெல்சனிடம் போனேன். அல்வீனாவின் அண்ணன். குதிரைக்காரர்கள் அறுபது பேருக்கும் அவர்தான் மேஸ்திரி. அவர் சொன்னால்தான் அசைவார்கள். மைத்துனரிடம் நாங்கள் கேலி பேசுவதில்லை, மரியாதையாகத்தான் பேசுவோம்.

"நாளைக்கு யாரும் விழக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"மழை இல்ல. பாதி மாடு போயிடுச்சு. பசங்க இந்தக் கூலிய நம்பித்தான் இருக்காங்க. உங்க துக்கம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. ஆனா முடியாது."

மறுபடி கேட்டேன். முடியாது. மூன்றாம் தரம் கேட்டேன். சேணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான் அவர் பெயரைச் சொன்னேன். நெல்சன் என்று இல்லை. அவருடைய சொந்தப் பெயரை, முகத்துக்கு நேராக.

அதை நாங்கள் செய்வதில்லை. உயிர் போகிற நேரத்துக்கென்று வைத்திருப்பது அது. ஒருவன் எதிரே நின்று உன் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டால் நீ மாட்டேன் என்று சொல்ல முடியாது. போயே ஆகவேண்டும், செய்தே ஆகவேண்டும். உறவாகிப் பதினோரு வருஷத்தில் அவரை அப்படி நான் கூப்பிட்டதில்லை. 

சேணத்தைக் கீழே வைத்தார்.

"இதுக்குப் போய் அதச் செலவழிச்சிட்டீங்களே."

"எங்கம்மா மூட்டை கட்டிட்டாங்க."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகத்தான் சொன்னார். போய்விட்டார்.

ஜூன் 11. வெள்ளி

எழுதிவிடுகிறேன், நடந்தது நடந்தபடி.

பட்டாளக்காரர்களாக நடிக்க டவுனிலிருந்து வந்த பையன்கள் மேட்டில் வரிசையாக நின்றார்கள். நடுவில் பீரங்கி. நாங்கள் பள்ளத்திலிருந்து குதிரையில் பாய்ந்து வர வேண்டும். பீரங்கி வெடித்ததும் முதல் வரிசை விழ வேண்டும், துப்பாக்கி வெடித்ததும் மற்றவர்கள். பட்டாளத் தலைவன் தம்பியின் பெயரைக் கூவினான். பாய்ந்தோம். பீரங்கி வெடித்தது.

யாரும் விழவில்லை.

துப்பாக்கி எல்லாம் சுட்டுத் தீர்ந்தது. அறுபது பேரும் புகைக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தோம். பையன்களுக்கு இதை யாரும் சொல்லிவைக்கவில்லை. பாதிப் பேர் பீரங்கியை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கூடாரம் வரை ஓடினார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினான், எதற்கென்று அவனுக்கே தெரியாது.

எங்கள் தாத்தாமார்கள் காலத்தில் இது நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை.

டைரக்டர் கத்தினார். மறுபடி எடுத்தார்கள். விழவில்லை. மூன்றாம் முறையும் விழவில்லை. கம்பெனி ஆள் ஒருவன் வந்து ஆட்களை அனுப்பிவிடுவேன் என்றான். நெல்சன் சேணத்தில் அசையாமல் உட்கார்ந்தபடி, "அனுப்புங்க. இந்த மலைல வேற அப்பாச்சி எங்க கிடைக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நான்காம் முறைக்கு முன் புரூயிட் ஓடி வந்தான். "பேருதானே பிரச்சினை? வெளிய எடுக்கற குரல் எதுவும் படத்துல வரப்போறதில்ல. ஏற்கெனவே எடுத்ததையும் சேத்து ஸ்டுடியோல எல்லாரும் திரும்பப் பேசி ஒட்டப்போறாங்க. மாத்திக்கலாம்."

மாத்திக்கலாமாம். எவ்வளவு லேசு. அப்படியானால் இந்த நான்கு நாளாக எங்கம்மா காதில் விழும்படி எதற்குடா கூவினீர்கள்? சும்மாவா? இதை அவனிடம் கேட்டேன், இதைவிட மோசமான வார்த்தைகளில்.

"வாய் அசைவுக்குப் பொருந்தணும். அதே நீளத்துல ஒரு பேரு சொல்லு" என்றான்.

அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். யார் பெயரைக் கொடுப்பது? செத்தவர்கள் பெயர் ஆகாது. உயிரோடு இருக்கிற இன்னொருவன் பெயரைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. எனக்கும் தம்பிக்கும் ஒரே மாமாதான் பெயர் வைத்தார். கிட்டத்தட்ட ஒரே நீளம்.

என் பெயரைச் சொன்னேன்.

பட்டாளத் தலைவன் அதை மலையைப் பார்த்துக் கூவினான். பிறகு விழுந்தோம். நெல்சன்தான் முதலில் விழுந்தார். புரூயிட் தானாகவே அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தான்; சாப்பாட்டுக் கூடார அடுப்பில் போட்டேன். குதிரைப் படம் கடைசியாக எரிந்தது.

ஜூன் 12. சனி

லாரி வந்தது. அம்மா டிரைவருக்குக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஜூன் 13. ஞாயிறு

அல்வீனா இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று பேசினாள்.

"உன் பேரக் குடுக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியா? பிள்ளைங்கள நெனச்சியா? நாளைக்கு நீ செத்துட்டா அந்தப் படம் சாகுமா? எந்தக் கொட்டகைலயாவது ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அவங்க உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. நாங்க எந்த வீட்ட எரிச்சிட்டு எங்க போறது?"

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 12, 1955. சனி

குளோப் டவுனில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மா கிளம்பி வாசலில் நின்றுவிட்டாள், புதுப் பாவாடை கட்டிக்கொண்டு.

கொட்டகையில் எங்களுக்குச் சுவரோர நாற்காலிகள். பாதி ஊர் வந்திருந்தது. பட்டாளம் கொம்பு ஊதிக்கொண்டு மேட்டில் ஏறியதும் எல்லாக் குழந்தைகளும் கைதட்டினார்கள். என் பிள்ளையும் தட்டினான். அவன் மாமா நெல்சன் குண்டடி பட்டு விழுகிறார், அவன் தட்டுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரை அடிப்பது? இருட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விழாத அந்த மூன்று பாய்ச்சலில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. நான்காவதுதான் இருந்தது.

பிறகு பட்டாளத் தலைவன் மலையைப் பார்த்து என் பெயரைக் கூவினான். கொட்டகை முழுக்க அதிர்ந்தது. புரூயிட் சொன்ன சொல் தவறவில்லை, தம்பியின் பெயர் ஒரு இடத்திலும் வரவில்லை. திரும்பத் திரும்ப என்னையே கூப்பிட்டான், கீழே இறங்கி வா, வா என்று.

அம்மா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"உன்னைத்தான் கூப்பிடறாங்க" என்றாள். "போகாத."

"போகலம்மா."

தம்பிக்குப் பட்டாளத்திலிருந்து கடிதம் வந்த அன்று அவள் இதைச் சொல்லவில்லை. அவன் பைக்குள் ரொட்டி சுற்றிவைத்து பஸ் வரைக்கும் கூடவே போனாள். இன்று படம் முடிந்து விளக்கு போடும்வரை என் சட்டைக் கையை விடவில்லை.