செம்மஞ்சள் அறைக்கு வெள்ளை

என் செல்ல அக்கா,

உன் வீட்டுக் கூடம் நேற்று வெள்ளையாகிவிட்டது. இதை யாராவது உனக்குச் சொல்லத்தானே வேண்டும்? அத்தான் சொல்லமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

நீ அந்த நிறத்தைக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? முதியோர் இல்லச் சமையலறையில் உன்னோடு வேலை செய்த ஜெர்மன்காரி தன் வீட்டுச் சுவரின் படத்தைக் காட்டினாளாம். அவ்வளவுதான். கடையில் இருந்ததிலேயே கடும் செம்மஞ்சளை வாளி வாளியாகத் தூக்கிவந்தாய். ஒரு சுவருக்குப் பூசினால் போதும் என்று அவளே சொன்னாளாம். நீ கேட்டால்தானே! நாலு சுவருக்கும் பூசினாய்.

"இதென்னப்பா, சாமியார் மடமோ?" என்று அத்தான் தலையில் கை வைத்தார்.

"இந்தக் கெல்சென்கிர்ச்சன் ஊரின்ரை இருட்டு வெளியிலை கிடக்கட்டும். வீட்டுக்குள்ளை நான் சொல்லுற நிறம்தான்" என்றாய்.

உன் செத்தவீட்டுக்கு வந்தவர்களும் அந்த அறையில்தான் இருந்தார்கள். "துக்க வீட்டுக்கு இப்பிடியொரு நிறமோ" என்று ஒரு மாமி என் காதுபடச் சொன்னார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. மாமியோடு அல்ல, உன்னோடு. பூசத் தெரிந்தவளுக்கு உயிரோடு இருக்கத் தெரியவில்லையா?

அத்தானைத் தன்னோடு இருக்க உன் மகன் பான் நகரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறான். வாடகை வீட்டை விட்டுப் போகும்போது சுவரெல்லாம் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பது உனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை சாவி கொடுக்க டெர்மின், நாள் குறித்தாயிற்று. வெள்ளை அடிக்காவிட்டால் தானே ஆள் அனுப்புவதாக வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அத்தானோ அசையவில்லை. வெள்ளைப் பெயின்ற் வாளி மூடி திறக்காமலே கிடந்தது.

"நான் ஒரு பெயின்ரரைக் கூப்பிடட்டோ, அத்தான்?"

"வேண்டாம்."

"அப்ப நான் பூசுறன்."

"ஒருத்தரும் தொடவேண்டாம், பிள்ளை."

"வெள்ளிக்கிழமை முன்பின் தெரியாதவங்கள் வந்து பூசுவாங்கள். அது பரவாயில்லையோ?"

கத்திவிட்டேன், அக்கா. அத்தான் முன்னால் குரல் உயர்த்தாதவள் நான். அவர் எழுந்து போய் வாளி மூடியைத் திறந்தார்.

"கொரோனாக் கிருமி எண்டு சொல்லிப் பெட்டியை மூடித்தானே தந்தவங்கள். உன்ரை அக்கான்ரை தலையிலை எண்ணெய் வைக்கவும் விடேல்லை. வாய்க்கரிசியும் போடேல்லை. அவளுக்கு நான் ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை. இதையாவது நான்தான் செய்யோணும்."

இத்தனை கிழமையாக அவருக்குப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளையை எவ்வளவு பூசினாலும் உன் நிறம் மேலே வந்துகொண்டே இருந்தது. அவர் அவசரப்படவில்லை. காயவிட்டுக் காயவிட்டுப் பூசினார். தலையில் எண்ணெய் வைப்பதுபோல மேலிருந்து கீழே, மெதுவாக. ஒரு மூலை எட்டவில்லை என்று ஏணியைப் பிடிக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார். பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. முடிந்ததும் கை கழுவினார், குளித்தார், ஈரத் தலையோடு வந்து வெறும் நிலத்தில் படுத்துவிட்டார். உன்னை எரித்த அன்றுகூட அவர் அப்படிப் படுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பானுக்குப் போவேன், அக்கா. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் இருப்பேன். அவரைத் தனியே விடமாட்டேன்.

இப்போது மூத்தவளாகிப்போன
உன் தங்கச்சி,
சுமதி