மறுத்துப் பேசப் பழகுகிறோம், ஸ்டெல்லா

என் ஸ்டெல்லாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுகிறேன். கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். கல்லறைத் திருநாள் மலரில் மறைந்தவர்களுக்கு வீட்டார் எழுதும் பக்கம் ஒன்று போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் அருள் என்று சபைச் செயலாளர் கேட்டார். சரிங்க என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சரி சொன்னேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. சபையே படிக்கப்போகிறது. படித்தால் படிக்கட்டும், எழுதுவது உனக்குத்தான்.

ஒரகடத்தில் கம்பெனி வாசலுக்கு வெளியே பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கியாகிவிட்டது. அவர்கள் திரும்பி வரும்வரை வேலை இல்லை. காஞ்சிபுரம் போய்வர நேரமும் போதாது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அசதியாக இருக்கிறது என்று சொன்னால் முதலில் பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்பாய். பார்த்தேன், அது ஒழுங்காகத்தான் இருக்கிறது. அசதி வேறு எங்கேயோ இருக்கிறது.

முதலில் உன் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஜெனி பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டாள். இந்தி வேண்டாம், ஜெர்மன் எடு என்று நீதானே பிடிவாதமாகச் சேர்த்துவிட்டாய். அந்த ஜெர்மனில் பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற உயர்நிலைத் தேர்வு இந்த மாதக் கடைசியில் வருகிறது. படித்துப் பதில் சொல்வது, கேட்டுப் பதில் சொல்வது, கட்டுரை எழுதுவது எல்லாவற்றையும் சமாளித்துவிடுவாள். பேச்சுத் தேர்வுதான் பயம். அதற்கு இரண்டு பேராக உள்ளே போகவேண்டுமாம். ஒரு அட்டை கொடுப்பார்களாம். அதில் இருக்கிற விஷயத்தை இருவரும் கூடிப் பேசித் திட்டம் போடவேண்டும், சென்னையிலிருந்து வரும் தேர்வாளர் எதிரே உட்கார்ந்து கேட்பார்.

ஜெனிக்கு ஜோடி தரணி. பிள்ளையார்பாளையத்துப் பெண், அப்பாவும் அம்மாவும் பட்டுத் தறியில் இருப்பவர்கள். காது குத்திய புண் ஆறவில்லை என்று வந்தவளுக்கு நீ மருந்து போட்டு அனுப்பினாயே, அவள்தான். இரண்டும் நல்ல சிநேகிதம். அதுவே வினையாகிவிட்டது என்கிறார் அவர்களுடைய ஜெர்மன் மிஸ்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். நீ இருந்தால் நான் போயிருக்க மாட்டேன். மிஸ் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "சார், ரெண்டு பேரும் தப்பில்லாம பேசறாங்க. ஆனா ஒரு நிமிஷத்துல பேச்சு முடிஞ்சிடுது."

விஷயம் இதுதான். ஜெர்மனியிலிருந்து வரும் ஒரு மாணவிக்கு ஒருநாள் ஊரைச் சுற்றிக் காட்டவேண்டும் என்று அட்டையில் இருந்திருக்கிறது. வரதராஜர் கோயிலுக்கு அழைத்துப் போகலாம் என்கிறாள் தரணி. மிக நல்ல யோசனை என்கிறாள் ஜெனி. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்கிறாள் ஜெனி. மிக நல்ல யோசனை என்கிறாள் தரணி. சாயங்காலம் எங்கே என்றால், உன் விருப்பம், இல்லை இல்லை உன் விருப்பம். அதோடு சரி, இரண்டு பேரும் தேர்வாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி பேசறாங்க சார்," என்றார் மிஸ். "ஒருத்தி சொன்னா இன்னொருத்தி மறுக்கணும். ஏன் வேணாம்னு காரணம் சொல்லணும். வேற யோசனை சொல்லணும். அதுக்குத்தான் மார்க்கே."

"நம்ம பக்கம் அது மரியாதை இல்லீங்களே மிஸ்," என்றேன். உண்மைதானே? சாப்பிடுங்க என்றால் வேண்டாம் என்று நம்மில் யார் சொல்கிறோம்? இப்பதான் ஆச்சு என்போம். போகமுடியாத கல்யாணத்துக்கும் பாக்குறேங்க என்போம். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொன்னவனைப் பற்றித் தெருவே ஒரு வாரம் பேசும்.

மிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெனியைப் பார்த்து, "வீட்ல அப்பாகூட சண்டை போட்டுப் பழகு," என்றார்.

"எங்க வீட்ல சண்டையே வராது மிஸ்," என்றாள் ஜெனி.

பெருமையாகச் சொல்கிறாள் என்று மிஸ் நினைத்திருப்பார். எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டில் மாட்டேன், வேண்டாம், முடியாது எல்லாம் சொல்கிற ஆள் நீ ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை ட்ரிப்புக்கு முதலாளி போன் செய்தால் என் கையிலிருந்து பிடுங்கி, "அவரு வரமாட்டாரு சார், தூங்குறாரு," என்று வைத்துவிடுவாய். இப்போது எல்லா ஞாயிறும் நான்தான் ஓட்டுகிறேன். வாரநாளில் ஒரகடம், ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒரு கூட்டம், திருத்தணி, மேல்மலையனூர். சபைக்குப் போயே எத்தனையோ நாளாகிறது.

நீ போனதிலிருந்து நானும் ஜெனியும் ஒருவரையொருவர் கண்ணாடிப் பாத்திரம் போலத்தான் கையாண்டுகொண்டிருக்கிறோம். அவள் சொல்வதற்கெல்லாம் நான் சரிமா. நான் சொல்வதற்கெல்லாம் அவள் சரிப்பா. நீ போன புதிதில் ஒருநாள் சேமியா கிண்டினாள். நல்லா இருக்குதுமா என்றேன். அதிலிருந்து தினமும் சேமியாதான், நானும் தட்டைக் காலி செய்து வைக்கிறேன். இப்படிக்கூட ஒரு வீடு ஓடுமா, ஸ்டெல்லா? ஓடியது.

மிஸ் சொன்னபடி பழக ஆரம்பித்தோம். நான் பஸ்ஸை விட்டுவிட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவோம். 'தாஸ் ஃபிண்ட இஷ் நிஷ்ட் ஸோ கூட்' என்று எனக்கு ஒரு வரியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். இது எனக்கு அவ்வளவாகச் சரிப்படவில்லை என்று அர்த்தமாம். பஸ்ஸில் காத்திருக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்ப்பேன். கம்பெனி செக்யூரிட்டிக்காரர், "என்னா அருளு, தனியா பேசிக்கினு இருக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அந்த வரி வாயில் வந்துவிட்டது, அவளுக்குத்தான் அதற்குமேல் வரவில்லை. வருகிற விருந்தாளியை மாகறல் கோயிலுக்குக் கூட்டிப்போகலாமா என்று நான் கேட்பேன். அவள் அந்த வரியைச் சொல்வாள். ஏன் என்று கேட்பேன். உடனே, "இல்லப்பா, போலாம்பா, நல்லாத்தான் இருக்கும்," என்பாள். என்னை மறுக்க அவளுக்கு வாய் வரவே இல்லை. நான் உடைந்துவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ.

போன வாரம் ஒருநாள் எனக்கு நல்ல அலுப்பு. அட்டை எதையும் எடுக்காமல் வாயில் வந்ததைக் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை ட்ரிப்ப விட்டுட்டு அந்த ஏஜென்சிக்காரரப் போய்ப் பாத்துட்டு வரலாமா?" ஜெர்மனிக்கு நர்ஸிங் படிக்கப் பிள்ளைகளை அனுப்புகிறாரே, அவர். உன் அடக்கத்துக்கு வந்திருந்தபோதே பேசிவிட்டுப் போனார். அம்மா ஆசைப்பட்டது, கண்டிப்பாக அனுப்புகிறோம் என்று சொல்லி ஜெனியின் சான்றிதழ் நகலையும் கொடுத்தனுப்பியிருந்தேன்.

ஜெனி அந்த ஜெர்மன் வரியைச் சொன்னாள். இவ்வளவு தெளிவாக அதுவரை சொன்னதே இல்லை. எனக்குச் சந்தோஷம். "சபாஷ்! காரணம் சொல்லு," என்றேன்.

"எனக்கு நர்ஸிங் வேணாம்பா."

"ஜெர்மன்ல சொல்லுமா."

"இல்லப்பா. நெஜமாவே வேணாம்."

பிறகு தமிழிலேயே பேசினாள். "அம்மா ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தப்ப ஊசி போட வருவாங்கல்ல, நான் சுவத்தப் பாத்துக்கினு நிப்பேன். அந்த ஸ்பிரிட் வாசனை இன்னும் மூக்குலயே இருக்குது. வாழ்க்க பூரா சுவத்தப் பாத்துக்கினு இருக்க முடியாதுப்பா."

நீ வருஷக்கணக்காக நர்ஸாக வேலை பார்த்த வார்டிலேயே உன்னைப் படுக்கவைத்திருந்தார்கள். உன்கூட வேலை பார்த்தவர்கள்தான் உனக்கு மருந்து ஏற்றினார்கள். அது உனக்கு ஆறுதல் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அறையில் இவள் எங்கே பார்த்துக்கொண்டு நின்றாள் என்பதை நான் கவனிக்கவே இல்லை.

"அம்மா ஆசமா அது," என்றேன்.

"தெரியும்பா. அதனாலதான் இத்தன நாளா சொல்லல."

அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது, ஏஜென்சிக்காரரிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது, வேறு என்ன செய்யப்போகிறாய் என்று கத்தினேன். சென்னையில் ஜெர்மனே பட்டப்படிப்பாகப் படிக்கிறேன், நீங்கள் பஸ் ஓட்டுகிற கம்பெனிகளில் மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள், மிஸ்ஸிடம் கேட்டுவிட்டேன் என்று அவளும் கத்தினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மிஸ்ஸிடம் கேட்டாயா என்றேன். "உங்ககிட்ட கேட்டா அம்மா ஆசன்னு வாய அடைச்சிடுறீங்க!" என்றாள். அப்புறம் எது எதுவோ வந்தது. "எனக்கு சேமியா புடிக்கவே புடிக்காது!" என்றாள் அழுதுகொண்டே. "எனக்கும்தான் புடிக்காது!" என்றேன். பக்கத்து வீட்டுக் குமாரியக்கா வாசலில் வந்து நின்று, "என்னா ஆச்சு அருளு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, பரீட்சைக்குப் படிக்கிறோம் என்றேன்.

இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. நம் வீட்டில் அப்படி ஒரு மௌனம் வந்ததே இல்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த இரண்டு நாளும் நான் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் தரணி வந்தாள். நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன், கூடத்தில் இரண்டும் ஜெர்மனில் வரிந்துகட்டிக்கொண்டு பேசுவது கேட்டது. என்னா சண்டை என்று கேட்டேன். வருகிற விருந்தாளியைப் பட்டுக்கடைக்கு அழைத்துப் போகவேண்டும் என்கிறாளாம் ஜெனி. "வேண்டவே வேணாம் அங்கிள்," என்றாள் தரணி. "அது எங்க வீட்டுலயே கண்ணு வலிக்கிற அளவுக்குப் பாத்தாச்சு. பாலாத்தங்கரைக்குப் போலாம்ங்குறேன். இவதான் மழை வருங்குறா." எத்தனை நிமிஷம் பேசினார்களோ, கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பாஸாகிவிடுவாள், ஸ்டெல்லா. பாஸ் என்ன, நல்ல மார்க்கே வாங்குவாள்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். கல்யாணமான புதிதில் நீயே வெளிநாடு போகத் தயாரானாய். பாஸ்போர்ட்கூட வாங்கி வைத்திருந்தாய். ஜெனி வயிற்றில் வந்ததும் அதைப் பெட்டிக்கடியில் போட்டுவிட்டாய். அப்புறம் அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஜெர்மனி ஜெர்மனி என்று நீ சொன்னதெல்லாம் அவளுக்காகவா, போகமுடியாமல் போன உனக்காகவா? பக்கத்திலேயே இருந்தபோது கேட்டிருக்கலாம். நீ இல்லாதபோது கேட்டு என்ன செய்ய?

இன்று காலை ஆட்களை இறக்கிவிட்டதும் ஏஜென்சிக்காரருக்குப் போன் போட்டேன். இரண்டு முறை நம்பரைப் போட்டுக் கட் செய்துவிட்டு மூன்றாம் முறைதான் பேசினேன், சிரிக்காதே. "பொண்ணுக்கு நர்ஸிங் வேணாங்க, சர்டிபிகேட் காப்பிய திருப்பி வாங்கிக்கிறேன்," என்றேன். அவர் விடவில்லை. "என்னாங்க இது, சம்சாரம் ஆசைன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமாங்க. ஆனா படிக்கப்போறது அவங்க இல்லீங்களே," என்றேன்.

போனை வைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன். உன்னை இரண்டாம் முறை அடக்கம் செய்தது போல இருந்தது. வயதான ஆள் இப்படி அழுகிறானே என்று யாரும் பார்க்கவில்லை, மழைக்கு எல்லாரும் உள்ளே போய்விட்டிருந்தார்கள்.

கல்லறைக்கு வரும்போது அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றாள் ஜெனி. இந்த வயதில் அவள் உன்முன் குற்றவாளி மாதிரி வந்து நிற்கக்கூடாது. அதனால்தான் அவள் வருவதற்கு முன்பே எழுதுகிறேன். அன்றைக்கு அவள் பூ வைத்துவிட்டு, பரீட்சை எப்படி எழுதினாள் என்று மட்டும் உனக்குச் சொல்லட்டும்.

கல்யாணமான நாளிலிருந்து நீ சொன்ன எதையும் நான் மறுத்ததில்லை, ஸ்டெல்லா. உன் மூச்சு அடங்குவதற்கு முந்தின நாள் அவளை அனுப்பிவிடுங்க என்றாய். அதற்கும் தலையாட்டினேன். இப்போது சொல்கிறேன். அனுப்ப மாட்டேன். கோபம் வந்தால் என்மேல் மட்டும் கோபப்படு. இனி அம்மா ஆசை என்று சொல்லி அவள் வாயை அடைக்க மாட்டேன். இது சத்தியம்.

உன்னை முதன்முதலாக மறுக்கும்,
உன் வீட்டுக்காரன், ஜெனி அப்பா