மாலைக்கடியில் ஒரு வெட்டு

காரைக்குடி பேருந்து நிலையத்துக்கு எதிரே இன்று மதியம் நன்னாரி சர்பத் வாங்கினேன். கடைக்காரர் அதில் காகித ஸ்ட்ராவைச் சொருகிக் கொடுத்தார். பாதி குடிப்பதற்குள் அது ஊறிக் கூழாகிவிட்டது. பழைய பிளாஸ்டிக் ஸ்ட்ரா இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் தடை பண்ணிட்டாகளே, தெரியாதா?" என்றார். தெரியும். ஆனாலும் என் கைப்பையில் இன்னும் ஒரு கட்டு கிடக்கிறது. எதற்கு என்று கேட்டால், செத்த மாட்டின் மூளையை எடுக்க என்று சர்பத் குடிக்கிறவர்கள் நடுவில் எப்படிச் சொல்வது? நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். சத்தமாகவே சொல்லியிருப்பாய்.

கால்நடை மருத்துவம் ஒன்றாகத்தான் படித்தோம். கண்டரமாணிக்கம் பக்கத்து விவசாய வீட்டுப் பெண்ணான நீ, ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கும் டாக்டரானாய். நேமத்தான்பட்டிக்காரியான நான் நோய்க்கூறியல் படித்து, வைரஸ் ஆய்வகத்தில் போய் உட்கார்ந்தேன். "உசுரோட இருக்கிறது எனக்கு, செத்தது உனக்கு" என்று பங்கு பிரித்தவள் நீ. என் அப்பச்சி, வருகிறவர்களிடம் "மக டாக்டரு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எந்த டாக்டர் என்று கேட்டால், காபி வந்துவிட்டதா என்று உள்ளே எட்டிப் பார்ப்பார். ஆட்டுக்கொல்லி, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல், மாட்டுக்குத் தோல் கழலை என்று எத்தனையோ வைரஸ்களின் பின்னால் அலைந்துவிட்டேன். ஆனாலும் உன் வேலைதான் என்ன என்று யாராவது கேட்டால், அந்தக் கோயில் காளையின் கதையைத்தான் சொல்கிறேன்.

அன்று நீ போனில் கூப்பிட்டாய். ஊரே சாமியாக நினைக்கும் காளை தண்ணீர் இறங்காமல் எச்சில் ஒழுக நிற்கிறது என்றாய். அதைக் கட்டி வளர்த்தவர் பெரியகருப்பன். தொண்டையில் பனங்கொட்டை அடைத்திருக்கிறது என்று அவரே முடிவு கட்டி, ஒரு நாளைக்குப் பலமுறை முழங்கை வரை கையை விட்டுத் துழாவியிருக்கிறார். பனங்காய் விழுகிற காலம் என்பதால் யாருக்கும் வேறு சந்தேகம் வரவில்லை. நீ மட்டும் கையுறை போட்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "கொட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது கத்துற கத்தே சரியில்லடி. கிளம்பி வா."

நான் வந்து சேர்வதற்குள் காளை செத்துவிட்டது. ஊர் கூடி அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பட்டுத்துண்டு போர்த்தி, மாலைமேல் மாலையாகப் போட்டிருந்தது. பெண்கள் அதன் முகத்தைத் தடவித் தடவி அழுதார்கள். பெரியகருப்பன் அதன் வாயை வெறுங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கையெல்லாம் சிராய்ப்பு, மாட்டின் பல் பட்டது. இது வெறிநாய் கடித்து மாட்டுக்கு வந்து, எச்சில் வழியே மனிதருக்கும் தொற்றுகிற வெறிநோய் என்றால், உடனே ஊசி போடாவிட்டால் அந்த மனிதர் பிழைக்க மாட்டார். நோய் வெளியே தெரிந்துவிட்டால் அதன்பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று நீ கெஞ்சினாய். "சாமி மாட்டுக்கு வெறி புடிக்குமா? என்ன பேச்சுப் பேசுறீக?" என்று எழுந்து நின்றார். ஆதாரம் இல்லாமல் அங்கே ஒருவரும் அசைய மாட்டார்கள் என்று புரிந்தது. மூளையில் கொஞ்சம் வேண்டும். கேட்டதும் கூட்டம் கொந்தளித்தது. எனக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது: கோயில் மாடு, ஊர்ப் பகை வேண்டாம், புதைத்துவிடட்டும், திரும்பி வா. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

ஊர்க்காரர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "கூட்டம் கலையட்டும். அங்குட்டு மறைவா வச்சு யாருக்கும் தெரியாம எடுத்துக்கங்க" என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. நீ ஒப்பவில்லை. "திருட்டு வேலைக்கு நாங்க வரல. ஒளிச்சு எடுத்தா, நாளைக்கு நாங்க சொல்றதை எவன் நம்புவான்? எல்லாரும் பாக்கத்தான் எடுப்போம்" என்று அவருக்கு மட்டுமல்ல, ஊருக்கே கேட்கும்படி சொன்னாய்.

நான் ஸ்ட்ராவை எடுத்துக் காட்டினேன். கொம்பைத் தொட மாட்டோம், மண்டையை உடைக்க மாட்டோம், பிடரியில் ஒரே வெட்டு, அதன் வழியாக இதை உள்ளே செலுத்தி எடுப்போம், மாலையைச் சரியாகப் போட்டால் வெட்டு தெரியாது என்றேன். பெரியகருப்பன் காளையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "என் கைய வெட்டிட்டு அப்புறம் அதுல கத்திய வைங்க" என்றார்.

"உங்க கைக்காகத்தான்ணே வந்திருக்கோம்" என்றாய் நீ.

கூட்டம் அவர் கைச் சிராய்ப்பை அப்போதுதான் எட்டிப் பார்த்தது. இரண்டு பேர் அவரைத் தோளைப் பிடித்து அழைத்துப் போனார்கள். போகும்போது திரும்பி, "நீங்க நல்லா இருப்பீகளா?" என்று கேட்டார். நீ மாலைகளை ஒதுக்கிப் பிடித்தாய், நான் வெட்டினேன். மறுநாள் ஆய்வகத்தில் ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, நுண்ணோக்கிக்கடியில் வெறிநோய் வைரஸ் பச்சைப்பச்சையாக மின்னியது. அதைப் பார்த்து ஒரு நோய்க்கூறியலாளர் அழுததாக வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நான் அழுதேன்.

முடிவைச் சொன்னதும், மாட்டைத் தொட்டவர்கள் எல்லாம் ஊசிக்கு வந்தார்கள். கடைசியாகப் பெரியகருப்பனும் வந்தார். நம்மைப் பார்க்காமல் கையை நீட்டினார். ஒரு தவணையும் தவறவிடவில்லை.

போன தை மாதம் நீ மாரடைப்பில் போனாய். உன் துக்க வீட்டிலேயே ஒருத்தி, "சாமி மாட்டைத் தொட்டாக, சும்மா விடுமா?" என்று கிசுகிசுத்தாள். உன் தலைமாட்டில் நின்றுகொண்டே சொன்னேன்: "வெட்டினது நான். அதுக்குத் தண்டனைன்னா எனக்குல்ல வந்திருக்கணும்? நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே." துக்க வீட்டில் இப்படிப் பேசலாமா என்று உன் நாத்தனாருக்குக் கோபம். இருக்கட்டும். நீ ஊர் கேட்கச் சொன்னதை நான் நாலு பேர் கேட்கக்கூடவா சொல்லக் கூடாது? மறுபடியும் அப்படி ஒரு காளை செத்து, மறுபடியும் எவராவது வாயை மூடு என்றால், மறுபடியும் மாலையை விலக்குவேன். பிடித்துக்கொள்ள நீ இல்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

இன்று அந்த சர்பத் கடையில் நின்றபோது பெரியகருப்பன் எதிரே வந்தார். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். கையில் மாட்டுக்கு வாங்கிய புதுக் கயிறு. என்னைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். இத்தனை வருஷமாகியும் நம்மை அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்கவே வேண்டாம். திருப்பிக்கொள்ள அந்த மனிதருக்கு முகம் இருக்கிறது, கோபப்பட உயிர் இருக்கிறது. உன் பங்குக்கான அவர் கோபத்தையும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டு, மிச்ச சர்பத்தைக் குடித்து முடித்தேன்.