வெண்ணெய் இறங்கும் வரை

ஜனவரி 14, செவ்வாய்

மதியம் கேரட் மசியல், பன்னிரண்டு ஸ்பூன். மூன்று முறை இருமினான். மூன்றாவது இருமலில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். டெரெக் இடது கையைத் தூக்கி ‘உட்கார்’ என்று சைகை காட்டினான். உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து என் புருஷன் வீட்டுக்கு வந்து இன்றோடு இரண்டு வாரம். நவம்பரில் வந்த பக்கவாதம் வலது கையையும் தொண்டையில் பாதியையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு மெல்லத் திரும்புகிறது. விழுங்குவதுதான் சண்டித்தனம் செய்கிறது. சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாமாம். விழுங்கப் பயிற்சி கொடுக்க வரும் ஹேசல், குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். ரொட்டி கூடாது, பிஸ்கட் கூடாது, எல்லாம் மசித்தே. தேநீரில்கூட ஒரு பொடியைப் போட்டுக் கெட்டியாக்க வேண்டும்.

டெரெக் அதற்கு வைத்த பெயர் சுவர்ப்பசை. முப்பத்தெட்டு வருடம் ஊரார் வீடுகளுக்கு வால்பேப்பர் ஒட்டியவன். அவனுக்குத் தெரியாததா?

ஜனவரி 19, ஞாயிறு

இன்று நாத்தனார் ஐவி கீத்லியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள், கையில் ஒரு பொட்டலம் கிரம்பெட்டோடு.

ஞாயிறு நாலு மணி என்றால் எங்கள் வீட்டில் கிரம்பெட்தான், மேலெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கிற அந்தத் தடித்த வட்ட ரொட்டி. கல்யாணமான முதல் ஞாயிறே டெரெக் எனக்கு அதைச் சாப்பிடக் கற்றுக்கொடுத்தான், ஏதோ நான் வேறு நாட்டிலிருந்து வந்தவள்போல. ஒரு முறை வாட்டினால் அது வெறும் ஸ்பாஞ்சு. இரண்டு முறை வாட்டணும், அடி மொறுமொறுவென்று ஆகிற வரை. வெண்ணெய் ஓரம் வரை போகணும். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கணும், மேலே இருக்கிற ஓட்டையிலெல்லாம் வெண்ணெய் இறங்கும் வரை. இறங்கினதும் இன்னொரு தடவை வெண்ணெய். கத்தியும் கிடையாது, முள்கரண்டியும் கிடையாது. கையால் எடுத்துக் கடிக்கும்போது மணிக்கட்டுக்கு ஒழுகினால்தான் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். ஐவி ஜாம் பூசுவாள். அதற்காக அக்காவும் தம்பியும் எத்தனையோ வருடமாகச் சண்டை.

“நல்லா வெண்ணெயில ஊற வெச்சா பஞ்சு மாதிரி போயிடும். என் தம்பி என்ன பல்லு மொளைக்காத கொழந்தையா, மசிச்சு மசிச்சு ஊட்டறே?” என்றாள்.

“ஹேசல் கூடாதுன்னு சொல்லியிருக்கா, ஐவி.”

“அவளுக்கு என்ன தெரியும்? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே, கிரம்பெட்ட கத்தியால வெட்டித் திங்கிறவன்னு.”

டெரெக் சிரித்தான். சிரிப்பு இருமலானது. முகம் செங்கல் நிறத்துக்குப் போயிற்று. ஐவி உடனே ஜன்னல் பக்கம் திரும்பி, “தூறல் பிடிச்சுக்கிச்சு பாரு, பஸ் கெடைக்குமோ என்னமோ” என்றாள். அவன் இருமி முடிக்கும் வரை மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணக்கில் அது மரியாதை. எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

பொட்டலத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

ஐவி ஜன்னலைப் பார்த்தது கண்ணைவிட்டுப் போகவே இல்லை. எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

அப்பாவும் இப்படித்தான். இருபத்திரண்டு வருடம் முன்னால் என் சித்தப்பா மகள் கல்யாண விருந்தில், வறுத்த மாட்டிறைச்சி. அப்பா வாயைத் துணியால் பொத்திக்கொண்டு எழுந்தார். மேஜையில் இருந்தவர்களைப் பார்த்து ‘மன்னிக்கணும்’ என்பதுபோல் தலையை ஆட்டினார். நடந்து வெளியே போனார். நாங்கள் புட்டிங் சாப்பிட்டோம். கஸ்டர்ட் கொஞ்சம் ஆறிவிட்டது என்று நான் குறைகூடச் சொன்னேன்.

ஆண்கள் கழிவறைத் தரையில் கிடந்தார். தொண்டையில் ஒரு துண்டு இறைச்சி.

அடக்கத்தின்போது எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள், “கடைசி வரைக்கும் யாருக்கும் தொந்தரவு குடுக்காத மனுஷன்.” பாராட்டு! நானும் தலையாட்டி நன்றி சொன்னேன்.

ஜனவரி 29, புதன்

ஹேசல் வந்து தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள். நல்ல முன்னேற்றமாம். ஒரு படி மேலே போகலாமாம். “ஷெப்பர்ட்ஸ் பை குடுங்க, ஜேனிஸ். கறிய நல்லா பொடியா கொத்தி, குழம்ப தாராளமா ஊத்தி, மேல உருளைக்கிழங்கு. ரைஸ் புட்டிங் குடுங்க, மேல படியற ஆடை மட்டும் வேணாம். கஸ்டர்டுல ஊறின கேக்கு குடுங்க.” டெரெக்கின் கண் பளபளத்தது. நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

மாலையில் ஷெப்பர்ட்ஸ் பை செய்தேன். பொன்னிறமாக வந்தது. தட்டில் போட்டேன். பிறகு அப்படியே மிக்ஸியில் கொட்டி அரைத்துவிட்டேன்.

சாம்பல் நிறத்தில் ஒரு கூழ். அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மூன்று ஸ்பூன்.

பிப்ரவரி 3, திங்கள்

எடை இன்னும் குறைந்திருக்கிறது. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, வார் கட்டிவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஸ்பூனை வாயருகே கொண்டு போனால் உதட்டை மூடிக்கொள்கிறான். மூன்று நாளாக இப்படி. கெஞ்சினேன். திட்டினேன். ஒரு கட்டத்தில் கத்தியே விட்டேன். “பட்டினி கெடந்து சாவணும்னு முடிவு பண்ணிட்டியா? சொல்லிடு, நானும் அடுப்ப அணைச்சிட்டு உக்காந்துடறேன்.”

அவன் சொற்களைத் தேடினான். வர நேரமாயிற்று.

“உன் மூஞ்சியப் பாத்தா... எனக்கு முழுங்க வரல, கண்ணு.”

குளியலறைக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். எனக்கே முழுங்க வராது.

பிப்ரவரி 12, புதன்

ஹேசல் இன்று சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்குமாம். “நான் சொன்ன மாதிரிதானே குடுக்கறீங்க?” என்று கேட்டாள். “ஆமா” என்றேன். பொய்.

சாப்பிட்டால் செத்துப்போவான் என்று பயம். சாப்பிடாவிட்டால் செத்துப்போவான் என்றும் பயம். இரண்டுக்கும் நடுவில் ஸ்பூனோடு நிற்கிறவள் நான். யாராவது வந்து இந்த ஸ்பூனை வாங்கிக்கொள்ள மாட்டார்களா?

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒரு அசிங்கத்தை எழுத வேண்டும்.

ஐவி வாரம் தவறாமல் கொண்டு வரும் கிரம்பெட்டுகளை நான் தூக்கிப் போடவில்லை. அவள் கிளம்பியதும் சமையலறையில் நின்றுகொண்டே தின்கிறேன். கதவைச் சாத்திவிடுகிறேன். டோஸ்டர் துள்ளுகிற சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிடுகிறேன். ஒரே முறைதான் வாட்டுகிறேன். வெண்ணெய் இறங்கும் வரை காத்திருப்பதும் இல்லை, அவ்வளவு அவசரம். அவன் முன்னால் எப்படித் தின்பது? மனசு வராது. தின்னாமல் இருக்கவும் முடியவில்லை.

வாசனைக்கு என்ன செய்வது? அவனுக்கு வலது பக்கம்தான் போயிற்று, மூக்கு போகவில்லையே.

பிப்ரவரி 24, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் பேனா ஒழுங்காகப் போகவில்லை.

நேற்று ஐவி போன பிறகு வழக்கம்போல் சமையலறை. கதவைச் சாத்தினேன், குழாயைத் திறந்தேன். பாதி கிரம்பெட்டை ஒரே வாயில் திணித்தேன். நடுவில் வேகாத மாவுபோல் பிசுபிசுவென்று இருந்தது. விழுங்கப் பார்த்தேன். இறங்கவில்லை. திரும்பியும் வரவில்லை. மூச்சு நின்றுவிட்டது. இருமவும் வரவில்லை, சத்தமே இல்லை. உலகமே அந்தக் குழாய்த் தண்ணீர்ச் சத்தம்தான்.

இதை எழுதத்தான் தயங்குகிறேன். கதவின் தாழ் சரியாக விழாமல் ஒரு விரல் அளவு திறந்திருந்தது. எட்டு அடி தூரத்தில் டெரெக் இருக்கிறான். மூச்சில்லாமல் நின்றபடி நான் என்ன செய்தேன்? கையை நீட்டி அந்தக் கதவை இறுக்கி மூடினேன். அவன் பார்த்துவிடக் கூடாதாம். தொந்தரவாம்!

அப்பா தலையாட்டிவிட்டு நடந்து போன நடை எனக்குள்தான் இருந்திருக்கிறது, இத்தனை வருடமாக.

கண் இருட்டிக்கொண்டு வந்தது. சிங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் கதவு இடிபடும் சத்தம். அவன் பிடித்து நடக்கும் சட்டம் தரையில் விழும் சத்தம். அப்புறம் முதுகில் ஒரு அடி. வால்பேப்பர் ஒட்டக் கூரையையே எட்டிய கை அல்லவா, இடது கையானாலும் என்ன பலம்! மூன்றாவது அடியில் துண்டு வெளியே வந்து சிங்கில் விழுந்தது. காற்று உள்ளே போன சத்தம் கழுதை கத்துவதுபோல் இருந்தது.

அவனுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

“கொழா... ரொம்ப நேரம் ஓடுச்சு. கூப்பிட்டேன். பதில் இல்ல” என்றான். பிறகு, “கதவ ஏன் சாத்தினே?”

“உனக்குத் தொந்தரவா இருக்குமேன்னு...” என்றேன். பாதியிலேயே நின்றுவிட்டது. என் காதிலேயே விழுந்ததே.

அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். சொல் வரவில்லை என்று நினைத்தேன். சொல் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை.

“உங்கப்பா... அன்னைக்கு. என் நாற்காலிய உரசிக்கிட்டுத்தான் போனாரு. மொகம் நீலமா இருந்துச்சு, ஜேன். நான் பாத்தேன். பாத்துட்டு... தட்டப் பாத்துக் குனிஞ்சிட்டேன். கேட்டா அவருக்கு வெக்கமாப் போயிடும்னு.”

இருபத்திரண்டு வருடம். ஒரே வீடு, ஒரே மேஜை, ஒரே கிரம்பெட். எனக்குச் சொல்லவே இல்லை.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான் மட்டும் என்ன செய்தேன்? கஸ்டர்ட் ஆறிவிட்டது என்றுதானே சொன்னேன். அவன் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அவனும் அழுதான்.

பிப்ரவரி 26, புதன்

ஹேசலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மிக்ஸி பொய் உட்பட. திட்டுவாள் என்று நினைத்தேன். “இருமறது நல்ல சகுனம், ஜேனிஸ். உள்ள போனத வெளிய தள்ளத்தான் இருமல். சத்தம் இருக்கற வரைக்கும் மூச்சு இருக்கு. சத்தமே இல்லன்னாத்தான் நீங்க பயப்படணும்” என்றாள்.

அவள் ஒட்டிய தாளுக்குக் கீழே டெரெக் இடது கையால் இரண்டு வரி எழுதப் பார்த்தான், முடியவில்லை, அவன் சொல்ல நான் எழுதினேன்: இந்த வீட்டில் யாருக்கு அடைத்தாலும் மேஜையை விட்டு எழக் கூடாது. மற்றவர்கள் ஜன்னலைப் பார்க்கக் கூடாது.

மார்ச் 4, செவ்வாய்

நாளை தவக்காலம் தொடங்குகிறது, இன்று ஊரே பான்கேக் புரட்டுகிற நாள். எங்கள் வீட்டில் ஷெப்பர்ட்ஸ் பை. மிக்ஸியை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன், கைக்கு எட்டினால் அரைத்துவிடுவேன் என்று பயம்.

பதினாறு வாய். இரண்டு முறை இருமினான், தாராளமாக, மேஜையில் துப்பல் தெறிக்க. நான் எழவில்லை. மேஜைக்கு அடியில் என் கையை நானே பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

அரைக் கிலோ கூடியிருக்கிறான். குழாய்ப் பேச்சை இப்போதைக்கு ஒத்திவைக்கலாமாம். டெரெக், “கிரம்பெட்?” என்று கேட்டான். ஹேசல் யோசித்தாள். ஒரு துண்டு பிஸ்கட், ஒரு துண்டு ரொட்டி என்று கொடுத்து ஒரு மணி நேரம் பார்த்தாள். கடைசியில், “ஓரத்த வெட்டிடணும். அடி மொறுமொறுப்பு வேணாம். வெண்ணெயில நல்லா ஊறணும். கட்டைவிரல் நகம் அளவு. நிமிர்ந்து உக்காந்து ஒண்ணு, ரெண்டு தடவ முழுங்கி, அப்புறம் அடுத்தது” என்றாள்.

“மொறுமொறுப்பு இல்லாத கிரம்பெட்டா?” டெரெக்குக்கு அது பெரிய அவமானம். ஆனாலும் தலையாட்டினான்.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டு ஞாயிறு தள்ளிப் போட்டேன். முதல் வாரம் எனக்குத் தலைவலி, அடுத்த வாரம் கடையில் கிரம்பெட் இல்லை. இரண்டும் பொய் என்று டெரெக்குக்குத் தெரியும்.

கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைத்த நாள். நாலு மணிக்கு நல்ல வெளிச்சம். ஐவி ஜாம் புட்டியோடு வந்து உட்கார்ந்தாள். குளிர்பெட்டித் தாளைப் படித்துவிட்டு, “இதென்ன, பள்ளிக்கூடமா?” என்றாள்.

எனக்கும் ஐவிக்கும் இரண்டு முறை வாட்டினேன். அவனுக்கு ஒரு முறை. ஓரம் வெட்டினேன். வெண்ணெய் போட்டோம். மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். இதற்கு முன் அவ்வளவு நேரம் காத்திருந்ததாக ஞாபகமே இல்லை.

அவனே இடது கையால் முதல் துண்டை எடுத்தான். மென்றான். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு தடவை. கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டாவது துண்டில் இருமல் பிடித்தது. பெரிய இருமல். முகம் செங்கல் நிறம். பழைய வழக்கத்தில் இடது கை மேஜை விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தது. ஐவியின் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது.

“உக்காரு, டெரெக்!” என்றேன். “ஐவி, இந்தப் பக்கம் பாரு.”

உட்கார்ந்தான். அவள் திரும்பினாள். இரண்டு பெண்கள் ஒரு மனிதன் இருமுவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐவியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

இருமல் அடங்கியது. இரண்டு தடவை விழுங்கினான். தட்டைப் பார்த்தான்.

“வெண்ணெ பத்தல” என்றான்.

எடுத்துவரச் சமையலறைக்குப் போனேன். கதவைத் திறந்தே விட்டேன்.