குளிக்காமல் வாங்கிய நற்கருணை

ஜூலை 9, செவ்வாய்

காய்ச்சல் இன்னும் விடவில்லை. மத்தியானம் கண் விழித்தபோது கட்டிலருகே போதகர் நற்கருணை அப்பமிருந்த பெட்டியோடு நின்றார். மருமகள் ஷீபா என்னைக் கேட்காமலே அழைத்திருக்கிறாள்.

வெள்ளைப் புடவையும் உபவாசமும் இல்லாமல் நான் ஒருநாளும் நற்கருணை வாங்கியதில்லை. இன்றோ நைட்டியில், பரட்டைத் தலையோடு, கஞ்சி வாசனையோடு கிடந்தேன்.

"நாளைக்கு வாருங்கள் ஐயா. நான் குளிக்கவில்லை."

"நான் குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் அம்மா. போதாதா?"

"உங்கள் குளியல் எனக்கு எப்படி ஆகும்?"

ஷீபா போதகரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "காய்ச்சல்லயும் அம்மைக்கு வாய்க்கு ஒரு குறைவும் இல்ல, கேட்டோ."

மறுக்கத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு நாளை உண்டா என்று தெரியவில்லை. கை எழவில்லை. அவரே அப்பத்தை வாயில் வைத்தார். அது நாக்கில் கரையும்போது மழை வெளிச்சம் சுவரெல்லாம் தண்ணீராக அசைந்தது. கட்டிலோடு நான் எங்கோ மெல்ல மிதந்துபோனேன்.

இத்தனை வருஷமும் என் ஆயத்தத்தைப் பார்த்துத்தான் ஆண்டவர் என்னைச் சேர்த்துக்கொண்டார் என்று நினைத்திருந்தேனோ?

எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வெட்கம் இல்லை. அதுதான் தூங்கவிடவில்லை. சுத்தமாகப் போன ஞாயிறு ஒன்றிலும் நான் இவ்வளவு பசியோடு வாய் திறந்ததில்லை.