காய்ச்சல் விட்ட பிறகு

ஐப்பசி 12, புதன் இரவு

எங்கள் பத்திரிகையின் இணையதளத்துக்கு எதைத் தேடி வருகிறார்கள் என்பது அலுவலகத் திரையில் தெரியும். மூன்று நாளாக ‘எடமலைப்பட்டி புதூர் காய்ச்சல்’ என்று தேடி, நான் முன்பு எழுதிய டெங்கு கட்டுரைக்கு வருகிறார்கள். சுகாதார அதிகாரியைக் கேட்டேன்.

“அங்க ஒரு கேஸ்கூட இல்லைங்க. செல்போன்ல தேடுறதெல்லாம் நியூஸா சார்?” என்று சிரித்தார்.

மதியம் கட்டுரையை மறுபடி படித்தேன். ‘காய்ச்சல் விட்டால் பயமில்லை’ என்று இருந்தது. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து. அன்று பேட்டி தந்த டாக்டர் சொன்னதை நான்தான் தவறாகச் சுருக்கியிருக்கிறேன். உடனே திருத்தினேன்.

மாலையில், கட்டுரையின் கீழே இருக்கும் என் எண்ணுக்குப் புதூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார்.

“காலைல உங்க கட்டுரையப் படிச்சுதான் சார் தைரியம் வந்துச்சு. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்ருச்சு. சோர்ந்து கெடக்கா, தூங்கட்டும்னு விட்டுட்டேன்.”

“நான் எழுதுனது தப்பும்மா. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.”

“என்ன சார், இப்ப போய் இப்படிச் சொல்றீங்க?”

தொடர்பு அறுந்தது. அதன் பிறகு நான்கு முறை கூப்பிட்டுவிட்டேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள் என்று எழுதுகிறேன். இது நான் உறுதி செய்யாத செய்தி.